தில்லைநாதனுக்கு ஒரு சத்தம்

'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். தங்களுக்கு வந்ததல்ல என்று தெரிந்ததும் ஐந்து பேர் உச்சுக்கொட்டிக்கொண்டு குனிந்தார்கள். ஆறாவது ஆள் பதில் தட்டுவதற்குள் அடுத்த டிங். செம்மங்குப்பத்தில் சாயப்பொருள் செய்யும் அந்தக் கம்பெனியின் அலுவலகக் கூடத்தில் இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்துக் கோடை இப்படித்தான் கழிந்துகொண்டிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை வந்து கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்துவிட்டுப் போகும் அரவிந்தன், எல்லா மேசைகளிலும் புதிதாக ஒரு சாட் மென்பொருளைப் போட்டுவிட்டிருந்தான். ஸ்டோர், லேப், கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எடைமேடை எல்லாம் அதில் இருந்தன. இனிமேல் போனைத் தூக்க வேண்டாம், வெயிலில் ஆள் அனுப்ப வேண்டாம், தட்டிவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். சத்தத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மேனேஜர் சுப்பிரமணியன் கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்தார். "தலவலிம்மா இது. யாருக்கு வருதுன்னே தெரியல, எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்குறீங்க. யாராவது இத நிறுத்துங்களேன்."

"நிறுத்துனா மெசேஜ் வந்ததே தெரியாது சார்" என்றாள் மகேஸ்வரி. கணக்குப் பிரிவில் மூத்தவள் அவள்தான். அந்தக் கூடத்தில் மின்விசிறி எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்வாள்.

இசைவாணி வேலைக்குச் சேர்ந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பில் போடுகிற வேலை. கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில், யாரும் உட்கார விரும்பாத கடைசி மேசை அவளுடையது. சேர்ந்த முதல் நாள் மதியம் மற்ற பெண்கள் மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது அவளும் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனாள். மகேஸ்வரி, "சிதம்பரத்துல எந்தப் பக்கம் வீடு?" என்று கேட்டாள். இசைவாணி தெருப் பெயரைச் சொன்னாள். "ஓ" என்றாள் மகேஸ்வரி. அவ்வளவுதான், வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி போட இடம் விட்டிருக்கவில்லை. ஒருத்தி நிமிர்ந்து பார்த்துவிட்டு ரசத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதன் பிறகு இசைவாணி தன் மேசையிலேயே, திரையைப் பார்த்தபடி சாப்பிடப் பழகிக்கொண்டாள். வீட்டில் அம்மா கேட்டால், எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், உன் புளிக்குழம்பை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று சொல்வாள்.

அப்படித் தனியாகச் சாப்பிட்ட ஒரு மதியத்தில்தான் அந்த மென்பொருளுக்குள் நுழைந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். உள்ளே எங்கேயோ, ஒவ்வொரு பெயருக்கும் நேராகத் தனித்தனிச் சத்தம் வைத்துக்கொள்ள வழி இருந்தது. யார் அனுப்புகிறார்களோ அவர்களுக்கான சத்தம் மட்டும் கேட்கும். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஒவ்வொரு மேசையாகப் போய் மாற்றி வைத்தாள். மேனேஜருக்குக் கோயில் மணி. ஸ்டோருக்குத் தண்ணீர் சொட்டும் சத்தம். லேபுக்குக் குயில். மகேஸ்வரிக்குக் கொலுசு. மறுநாள் காலையில் மகேஸ்வரி யாருக்கோ மெசேஜ் அனுப்ப, மூலையிலிருந்து கொலுசு சிணுங்கியது. "ஏய், நானா அது? எனக்குக் கொலுசா?" என்று அவள் திரும்பி இசைவாணியைப் பார்த்துச் சிரித்தாள். வேலையைத் தவிர வேறொன்றுக்காக அவள் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான்.

எடைமேடைக்கு மட்டும் என்ன வைப்பதென்று தெரியவில்லை. பழைய டிங்கையே விட்டுவைத்தாள்.

எடைமேடையில் இருந்தவர் தில்லைநாதன். ஐம்பதை நெருங்கியவர், ஒல்லி. லாரிகள் ஏறி இறங்கும்போது எடையைக் குறித்துச் சொல்வது அவர் வேலை. சிதம்பரத்திலிருந்து வரும் கம்பெனி வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவார், யாரோடும் பேசமாட்டார். அவருக்குத் திக்குவாய். பேச ஆரம்பித்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் இருப்பவர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். இசைவாணி முதல் நாள் வேனில் ஏறியபோது காலியாக இருந்த இடங்களிலெல்லாம் பைகள் உட்கார்ந்திருந்தன. தில்லைநாதன் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் இரண்டு தட்டு தட்டினார். அவள் உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதே மனிதர் சாட்டில் வேறு ஆளாக இருந்தார். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார், மடமடவென்று வரும். 'இசைம்மா, இன்னிக்குக் காத்து உங்க பக்கமா எங்க பக்கமா? இங்க ஒரே அழுகுன முட்ட வாசன, டிபன் பாக்ஸத் தொறக்க முடியல.' 'கர்நாடகா லாரி ஒண்ணு வந்துருக்கு. டிரைவர் என்னவிட ஒல்லி. மனசாட்சி இருந்தா அவரையும் சேத்துதான் எடை போடணும்.' அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். பில்லுக்கு எடை கேட்டால் எடையோடு ஒரு கதையும் வரும். ஒரு நாள் லாரி இல்லாத மதியத்தில், 'நான் இவ்ளோ பேசுவேன்னு எனக்கே தெரியாதும்மா. இதுல எனக்கு இழுக்காது' என்று அனுப்பினார். அதற்கு அவள் மஞ்சள் நிறச் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினாள். பதிலுக்கு அதே போல வரிசையாகப் பல முகங்கள் வந்தன. அது எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்டுபிடித்திருப்பார் போலிருக்கிறது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், எங்கேயோ பள்ளம் தோண்டியவர்கள் எடைமேடைக்குப் போகும் ஒயரை அறுத்துவிட்டார்கள். சாட் வேலை செய்யவில்லை. மகேஸ்வரியின் மேசையிலிருந்த போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததுமே அவள் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அமைதியாக்கிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ச... ச... சார். நா... நான் வே... வே... வே..."

எடைமேடைக்கு அங்கே எல்லோரும் சொல்லும் 'வேபிரிட்ஜ்' என்ற சொல் அந்த முதல் எழுத்தைத் தாண்டவில்லை. "ஹலோ, யாருங்க? கேக்கலங்க, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் மகேஸ்வரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கூடத்தில் ஒருத்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மகேஸ்வரியின் பார்வை சுற்றி வந்து கடைசி மேசையில் நின்றது. கூட்டுச் சேர்ந்தவளிடம் சிரிப்பதுபோல் இசைவாணியைப் பார்த்துச் சிரித்தாள். இசைவாணியின் செல்போன் பில் கட்டின் மேல் கிடந்தது. அவள் அதை எடுத்து, ரெக்கார்டரை அமுக்கி, கையை நீட்டி ஸ்பீக்கர் பக்கமாகக் காட்டினாள். மகேஸ்வரி கட்டைவிரலை உயர்த்தினாள்.

பாடல்களை வெட்டி ரிங்டோன் ஆக்குவதற்கு அரவிந்தன் முன்பு ஒரு மென்பொருள் கொடுத்திருந்தான். அன்று மதியம் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் இசைவாணி அதில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு துண்டை மட்டும் எடுத்தாள். வே... வே... வே... கடைசி 'வே' மூச்சு முட்டி அறுந்துபோகும் இடத்தில் நிறுத்தினாள். முன்னும் பின்னும் இருந்த இரைச்சலைச் சுத்தம் செய்தாள். வேலை நேர்த்தியாக வந்திருந்தது. அதைத் தில்லைநாதன் பெயருக்கு நேராக வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒயரைச் சரிசெய்துவிட்டார்கள். எல்லோரும் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கம்ப்யூட்டர்களைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய ஸ்பீக்கரிலிருந்து 'வே... வே... வே...' என்று குரல் எழுந்தது. திரையில், 'காலை வணக்கம்மா! ஒயர் வந்துடுச்சு. நேத்து போன்ல பேசுறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு' என்றிருந்தது.  கூடம் சிரிப்பில் வெடித்தது. மகேஸ்வரி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் கவிழ்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடிப்பாவி, அடிப்பாவி" என்றாள். சுப்பிரமணியன் வெளியே வந்து என்ன விஷயம் என்று கேட்டார். இன்னொரு முறை போட்டுக் காட்டினார்கள். அவரும் சிரித்தார். "பாவம்மா அந்தாளு. சவுண்ட கொஞ்சம் கொறச்சாவது வைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மத்தியானத்துக்குள் அவருடையதையும் சேர்த்து ஆறு கம்ப்யூட்டர்களிலும் அது ஏறிவிட்டது. ப்ளூடூத்தில் மகேஸ்வரி தன் செல்லுக்கும் வாங்கிக்கொண்டாள்.

அன்று மதியம் மகேஸ்வரி காலால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "வா, இங்க உக்காரு. அங்க என்ன கக்கூசுகிட்ட உக்காந்து சாப்புட்டுகிட்டு" என்றாள். இசைவாணியின் டிபன் மூடியில் கத்தரிக்காய்க் கூட்டு வைத்தாள். இசைவாணி தன் புளிக்குழம்பைக் கொஞ்சம் தயங்கி நீட்டினாள். மகேஸ்வரி வாங்கிக்கொண்டு, "நல்லாருக்குடி, யாரு வச்சது?" என்று கேட்டாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இசைவாணிக்கு அதுதான் மனதில் ஓடியது. அம்மாவிடம் இனிப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

சில வாரங்களில் அந்தக் குரல் பழகிவிட்டது. யாரும் சிரிப்பதில்லை. மணி, தண்ணீர்ச் சொட்டு, குயில், கொலுசு, அதோடு 'வே... வே... வே...'. எடைமேடையிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது என்று கை மவுசுக்குப் போகும். புதிதாக வருபவர்கள் மட்டும் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள், அவர்களுக்குக் கதை சொல்லப்படும். தில்லைநாதன் வேனில் வழக்கம்போல அவளுக்கு இடம் தட்டிக் காட்டினார். ஒரு திங்கட்கிழமை பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வீட்டு மரத்துச் சப்போட்டா, காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருந்தது. அவர் உதடு அசைந்தது, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அலுவலகம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் அந்தக் குரலோடு மெசேஜ் வந்தது. 'நாளைக்குதான் பழுக்கும். இன்னிக்கே சாப்புட்டுட்டு என்னத் திட்டாத.'

ஆவணியில் எல்லோருக்கும் புது அடையாள அட்டை போடப்போவதாகச் சொல்லி, ஒவ்வொரு பிரிவாக அலுவலகத்துக்கு வரச்சொல்லிப் படம் எடுத்தார்கள். தில்லைநாதன் மதியத்துக்கு மேல் வந்தார். முகம் கழுவிப் பவுடர் போட்டிருந்தார். காதோரம் அது திட்டாக நின்றது. சட்டை இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. கூடத்து நடுவில் வெள்ளைச் சுவர் பக்கமாக ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். அவர் வரப்போவது இசைவாணிக்குக் காலையிலேயே தெரியும். ஆனால் எடைமேடையில் இருக்கும் ஆளே இங்கே வந்துவிட்டால் யார் மெசேஜ் அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவருக்கு மாற்றாக அங்கே எடைமேடை உதவியாள் அன்பரசு உட்கார்ந்திருப்பான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மகேஸ்வரி கேமராவைப் பிடித்து, "சிரிங்க சார்" என்றாள். தில்லைநாதன் சிரித்தார்.

அன்பரசு எடைமேடையில் தில்லைநாதன் பெயரில் திறந்திருந்த சாட்டிலிருந்தே எல்லோருக்கும் சேர்த்து அனுப்பிவிட்டான். தில்லை சாரை அனுப்புங்க, லாரி நிக்குது என்று. முதலில் மகேஸ்வரியின் மேசையில் ஆரம்பித்தது. வே... வே... அது முடிவதற்குள் ஜன்னலோரத்து மேசையில், பிறகு அதற்கு அடுத்ததில், பிறகு இசைவாணியின் மேசையில். ஒன்றோடு ஒன்று சேராமல், ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டு, ஒரே ஆள் கூடத்தின் நாலு மூலைகளிலும் நின்று ஒரே சொல்லைச் சொல்ல முயல்வதுபோல் இருந்தது. கடைசியாக, கண்ணாடித் தடுப்புக்குள் மேனேஜருடைய கம்ப்யூட்டர் எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சொல்லி முடித்தது. கேமராவுக்காக வைத்த சிரிப்பு தில்லைநாதன் முகத்தில் அப்படியே இருந்தது. என்ன வேடிக்கை என்று பார்க்கிறவர்போல ஒவ்வொரு மேசையாகத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் குனிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இ... இது..." என்றார். "ஒ... ஒயர் அ... அறுந்த அன்னிக்கு..."

 மின்விசிறி சுற்றியது. அவர் எழுந்து, சட்டையின் முன்பக்கத்தை இழுத்து நேர்செய்தார். மகேஸ்வரியைப் பார்த்து, "போ... போட்டோ?" என்றார்.

"எடுத்தாச்சு சார்."

தலையாட்டிவிட்டு வெளியே போனார். செருப்பை மாட்டிக்கொள்ள வாசலில் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு வெயிலில் எடைமேடையை நோக்கி அவர் நடந்துபோவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வழக்கமான நடைதான்.

சுப்பிரமணியன் வெளியே வந்தார். "யாரு பண்ண வேல இது?" என்று கேட்டார். அவரும் சிரித்தவர் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது, அவருக்கும்தான். அதனால் குரலைக் கொஞ்சம் கூடுதலாகவே உயர்த்தினார். "கேக்குறேன்ல?"

"அந்தப் பாண்டிச்சேரிப் பையன் சார்" என்றாள் மகேஸ்வரி. "சிஸ்டம் பாக்க வந்தப்ப வெளையாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டான். எங்களுக்கு எடுக்கத் தெரியல."

சொல்லிவிட்டு அவள் கடைசி மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பார்வை. இசைவாணி எழுந்து நின்றிருக்கலாம். நான்தான் சார் என்று இரண்டு சொல். கீபோர்டின் எழுத்துகளுக்கு நடுவில் இருந்த தூசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.  மேனேஜர் உள்ளே போய் எடைமேடைக்குப் போன் செய்தார். "அரவிந்தன் பண்ண வேலங்க அது, நான் கேக்குறேன் அவன. மனசுல வச்சுக்காதீங்க" என்று அவர் பேசுவது கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன வந்தது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் அவள் ஆறு கம்ப்யூட்டர்களிலும் அந்தத் துண்டை அழித்தாள். குப்பைத் தொட்டிக்குள்ளிருந்தும் அழித்தாள். தன் செல்போனில் இருந்ததையும் எடுத்தாள். ஆனால் தில்லைநாதன் பெயருக்கு நேராக இப்போது என்ன வைப்பது? மணி, சொட்டு, குயில், விசில், பழைய டிங் என்று வரிசையாக நின்றன. எதை வைத்தாலும் அதற்குள் அந்தக் குரல் கேட்கும்போல் இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே 'சத்தம் வேண்டாம்' என்று ஒன்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்தாள்.

அடுத்த நாட்களில் எடைமேடையிலிருந்து எண்கள் மட்டும் வந்தன. லாரி எண், எடை, அவ்வளவுதான். அவை சத்தமில்லாமல் வந்து கிடந்ததால் அவள் பலதைப் பார்க்கத் தவறினாள். பில் தாமதமாகி மேனேஜரிடம் திட்டு வாங்கினாள். அந்தத் திட்டு அவளுக்கு ஒருவகையில் தேவையாக இருந்தது. ஒரு நாள் கிளம்பும் நேரத்தில் கம்ப்யூட்டரை அணைக்கப் போனபோதுதான் திரையின் கீழ்மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அவர் பெயர் மின்னிக்கொண்டிருப்பதைக் கண்டாள். காலையிலேயே வந்தது. நாள் முழுக்க அங்கே மின்னியிருக்கிறது.

'அரவிந்தன் சின்னப் பையன், வெளியூருக்காரன். அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்மா.'

நின்றுகொண்டே படித்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து மறுபடியும் படித்தாள்.  'சார்' என்று அடித்தாள். அழித்தாள். 'மன்னிச்சிடுங்க' என்று அடித்தாள். சொல்லாமல் விட்டதற்கு மட்டும்தான் மன்னிப்பு என்று அவர் நினைத்துக்கொள்வார் என்று அதையும் அழித்தாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. மறுநாளிலிருந்து எடைமேடையிலிருந்து வந்த மெசேஜெல்லாம் அன்பரசு அடித்தவை. தில்லைநாதன் கீழே நின்று லாரிகளை ஏற்றி இறக்குவதோடு சரி, கம்ப்யூட்டர் பக்கமே வருவதில்லை என்று அவன் எழுதினான்.

வேனில் அவள் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டாள். அவர் பக்கத்து இடம் காலியாக இருக்கும், பிறகு வேறு யாராவது உட்காருவார்கள். மகேஸ்வரி மதியம் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள். மறுநாளும் சொன்னாள். அதன் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மழை பிடித்துக்கொண்டது. வழக்கமான டிரைவர் லீவு. வாடகைக்கு லாரி ஓட்டுகிற ஒருவர் வேனை எடுத்து வந்தார். சாயங்காலம், ஆலப்பாக்கம் தாண்டி வந்துகொண்டிருந்தபோது டிரைவரின் சட்டைப் பையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. வே... வே... வே... இசைவாணி முதலில் தன் காதுக்குள்ளேயே கேட்கிறது என்று நினைத்தாள். வேனின் முன்பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். "இன்னாண்ணே ரிங்டோன் இது?"

"நம்ம லாரிக்காரப் பசங்க எல்லார்கிட்டயும் இருக்குது, ப்ளூடூத்துல வாங்குனது" என்றார் டிரைவர். எதிரில் பஸ் வந்ததால் போனை எடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு நேர் பின்னால் தில்லைநாதன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பின்கழுத்தும், எண்ணெய் வைத்து வாரிய முடியும் கடைசி வரிசையிலிருந்து தெரிந்தன. இசைவாணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். அதை அழித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். இது யாருடைய குரல் தெரியுமா என்று சொன்னால், தெரியாமலிருந்த அத்தனை பேரும் அந்தப் பின்கழுத்தைப் பார்ப்பார்கள். எழுந்தவள் வேனின் ஆட்டத்தோடு ஆடிக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஒரு கையால் போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லு மச்சான்" என்றார்.

புதுச்சத்திரத்தில் தில்லைநாதன் எழுந்து டிரைவரின் தோளைத் தொட்டார். வேன் நின்றது. அவர் இறங்குகிற இடம் அதல்ல. சிதம்பரம் இன்னும் தூரம் இருந்தது, மழை வலுத்திருந்தது. பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இவுரு ஏன் இங்க எறங்குறாரு?" என்று யாரோ கேட்டார்கள். கண்ணாடி வழியாக இசைவாணி பார்த்தாள். சாத்தியிருந்த ஒரு டீக்கடையின் கூரை ஓரத்தில், சாலைப் பக்கம் பார்க்காமல், கடைச் சுவரைப் பார்த்தபடி அவர் நின்றார். அதன் பிறகு அவர் வேனில் வரவில்லை. அரசாங்க பஸ்ஸில் வருவதாகக் கேள்விப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கடைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் வீடு எது என்று சரியாகத் தெரியாது. மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்து, வாசலில் சப்போட்டா மரம் என்று அன்பரசு சொல்லியிருந்தான். சந்துமுனை வரை போய், திரும்பிப் பூக்கடை வரை வந்து, மறுபடியும் போனாள். கதவு திறந்திருந்தது. கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்த பெண் அவளைப் பார்த்து நின்றாள்.

"தில்லை சார் வீடுங்களா? நான் ஆஃபீஸ்லேருந்து வர்றேன். இசைவாணி."

"இசைவாணியா?" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "உள்ள வா பாப்பா. நான் மங்கலம், அவுரு வீட்டுக்காரி. அவுரு பின்னாடி தண்ணி புடிச்சிட்டு இருக்காரு. வா, உக்காரு."

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தவள்போலப் பேசினாள். "ஒன்னப் பத்திப் பேசாத நாளே கெடையாது. வூட்ல எங்கிட்ட நல்லாத்தான் பேசுவாரு, வெளியிலதான் இழுத்துக்கும். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு வார்த்த பேசல தெரியுமா, நான் ஊமைன்னே நெனச்சேன். ஆஃபீஸ்ல அந்தக் கம்ப்யூட்டர்ல பேசுறது வந்தப்பறம் ஆளே மாறிட்டாரு. சாயங்காலம் வந்தா, இன்னிக்கு இத சொன்னேன், அதுக்கு அந்தப் புள்ள சிரிச்சிச்சின்னு ஒரே கததான்." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப அத எடுத்துட்டாங்களாமே? செலவு ஜாஸ்தின்னு. அதுலேருந்து மூஞ்சியே சரியில்ல. சோறும் ஒழுங்கா எறங்கல. திரும்பப் போட மாட்டாங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவர் வந்ததும் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். இசைவாணி கைக்குட்டையைச் சுருட்டினாள்.

"எடுக்கலம்மா" என்றாள்.

"பின்ன?"

கொல்லைப்புறத்திலிருந்து ஓர் ஆணின் குரல் கேட்டது. "மங்கலம், தொட்டி ரொம்பிடுச்சு, மோட்டார அமத்திட்டேன். யாரு வந்துருக்கா? பேச்சுச் சத்தம் கேக்குது?" தாழ்ந்த, நிதானமான, நல்ல குரல். வீட்டில் அவருடைய தம்பியோ யாரோ இருக்கிறார்கள் என்று இசைவாணி நினைத்தாள். கைலியை மடித்துக் கட்டியபடி, கை கால் நனைந்து, தில்லைநாதன் உள்ளே வந்தார். அந்தக் குரல் அவருடையது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவளைப் பார்த்ததும் நின்றார். கைலியை அவசரமாகக் கீழே இறக்கிவிட்டார்.

அவள் எழுந்தாள்.  "அரவிந்தன் இல்ல சார்" என்றாள். "அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. நான்தான் புடிச்சேன். மகேஸ்வரிக்கா ஸ்பீக்கர்ல போட்டப்ப என் செல்லுல நான்தான் புடிச்சேன். நான்தான் வெட்டுனேன். எல்லா சிஸ்டத்துலயும் நான்தான் சார் போட்டேன்."

"என்னத்தப் புடிச்ச?" மங்கலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னங்க, என்ன சொல்லுது இந்தப் புள்ள?"

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. இசைவாணியையே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு கணக்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கிறவரைப்போல நின்றார். வேனில் இடம் தட்டிக் காட்டியது, சப்போட்டா, லாரி டிரைவர் கதைகள் எல்லாம் அந்தக் கண்களுக்குள் ஒவ்வொன்றாக இடம் மாறிக்கொண்டிருப்பதாக அவளுக்குப் பட்டது. பிறகு அவர் வாயைத் திறந்தார்.

"நீ..."

அங்கேயே நின்றது. கண்ணை மூடினார். கழுத்து நரம்பு எழுந்தது. "நீ... நீ..."

"நீ உக்காரும்மான்னு சொல்றாரு" என்றாள் மங்கலம், பதற்றமாக.

இல்லை என்று அவர் கையை அசைத்தார். மூச்சை இழுத்து மறுபடியும் தொடங்கினார். "நீ..." மங்கலம் இன்னொன்று சொல்ல வாயெடுத்தாள். அவர் உள்ளங்கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

இசைவாணி தலையைக் குனிந்துகொள்ளத்தான் நினைத்தாள். குனியவில்லை. இழுபட்டுக் கோணிய உதடுகளையும், மூடிய இமைகளின் துடிப்பையும் பார்த்தபடி நின்றாள். அவர் காலிலிருந்து வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் மெல்ல ஊர்ந்து வந்து அவளுடைய விரல்களைத் தொட்டது. அவள் காலை நகர்த்தவில்லை.